மர்மத் தொடருக்கு முன்கதை எழுதுவது எப்படி? ‘லாஸ்ட்’ தொடரை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

விமானம் கடற்கரையில் விழுந்து சில நாட்கள் ஆகிவிட்டன. எடுத்து வைத்த சாப்பாடு தீர்ந்துபோய், பிழைத்தவர்கள் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அப்போது ஒரு கத்தி பறந்து வந்து விமான இருக்கையில் குத்தி நிற்கிறது. எறிந்தவர் ஜான் லாக். மொட்டைத் தலை, நடுத்தர வயது, அதுவரை அதிகம் பேசாத மனிதர். காட்டுப் பன்றி வேட்டைக்குப் போகலாம் என்கிறார். அவர் பெட்டியைத் திறந்தால் உள்ளே வரிசையாக வேட்டைக் கத்திகள். யார் இந்த ஆள் என்று கூட்டம் வாயைப் பிளக்கிறது. நாமும்தான்.

ஃப்ளாஷ்பேக்கில் பார்த்தால் இதே மனிதர் அட்டைப் பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் சாதாரண ஊழியர். வயதில் சின்னவனான மேலாளர் எல்லார் முன்னாலும் அவரைக் கிண்டல் செய்கிறான். ராத்திரி போனில் ஹெலன் என்ற பெண்ணோடு மனம் விட்டுப் பேசுகிறார். அவளோ மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு பேசுபவள். ஆஸ்திரேலியக் காட்டுக்குள் நடைப்பயணம் போகப் பணம் கட்டி அங்கே போய்ச் சேருகிறார். பயண ஏற்பாட்டாளர் உங்களை அழைத்துப்போக முடியாது என்று கையை விரிக்கிறார். என்னால் முடியாது என்று யாரும் சொல்லாதீர்கள் என்று லாக் கத்துகிறார். பஸ் கிளம்பிவிடுகிறது. கேமரா நகர்கிறது. அவர் உட்கார்ந்திருப்பது சக்கர நாற்காலியில்.

பிறகு தீவில், விமானம் விழுந்த அந்த முதல் நிமிடங்கள். மணலில் படுத்திருக்கிறார். கால் விரல் அசைகிறது. எழுந்து நிற்கிறார்.

2004 அக்டோபரில் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் வந்த ‘லாஸ்ட்’ தொடரின் 4-வது எபிசோட் இது. பத்துப் பன்னிரண்டு முறை பார்த்திருப்பேன், இன்னும் அந்தக் கால் விரல் அசையும்போது தொண்டை அடைக்கிறது. மர்மத் தொடர் எழுத நினைக்கும் யார் என்னிடம் வந்தாலும் முதலில் இந்த எபிசோடைப் போட்டுக் காட்டுவேன். முன்கதை, தடயம், வெளிப்பாடு மூன்றும் 40 சொச்சம் நிமிடத்தில் ஒன்றாக வேலை செய்வதை வேறு எங்கும் இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை.

சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் ஓசியானிக் 815 விமானம் ஒரு தீவில் நொறுங்குகிறது; கடற்கரையில் 48 பேர் மிஞ்சுகிறார்கள். ஜே.ஜே. ஆப்ரம்ஸ், டேமன் லிண்டலாஃப், ஜெஃப்ரி லீபர் உருவாக்கிய தொடர். லிண்டலாஃபும் கார்ல்டன் கியூஸும் முன்னின்று நடத்தினார்கள். 2004 செப்டம்பர் 22-ல் தொடங்கி 2010 மே 23 வரை 6 சீசன். பெரும்பாலான எபிசோடுகளில் ஒரு பக்கம் தீவுக் கதை ஓடும், இன்னொரு பக்கம் ஒரு கதாபாத்திரத்தின் முன்கதை ஓடும். இனி வரும் பத்திகளில் முக்கியமான ரகசியங்கள் எல்லாவற்றையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் முதல் சீசனையாவது முடித்துவிட்டு வாருங்கள்.

முதல் படி: பிறப்பிலிருந்து தொடங்காதீர்கள், இன்றைய பழக்கத்திலிருந்து தொடங்குங்கள்

முன்கதை எழுதச் சொன்னால் பெரும்பாலானவர்கள் பிறந்த ஊர், அப்பா வேலை, படிப்பு, முதல் காதல் என்று நாலு பக்கம் நிரப்பிவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். அந்த நாலு பக்கத்தில் காட்சிக்கு உதவுவது ஒரு வரி தேறினால் அதிகம்.

இந்த மனிதர் இப்போது என்ன செய்கிறார், அதில் கொஞ்சம் வித்தியாசமாக இருப்பது எது? இந்தக் கேள்வியைத்தான் முதலில் எழுத வேண்டும். தொடரின் தொடக்கத்தில் திடீரென்று மழை கொட்டுகிறது. எல்லோரும் ஒதுங்க இடம் தேடி ஓட, லாக் மட்டும் மணலில் உட்கார்ந்து கையை விரித்து மழையை வாங்கிக்கொள்கிறார், முகத்தில் சிரிப்பு. சுற்றிலும் சாவு, இவருக்கு மட்டும் ஏன் சந்தோஷம்? இந்தக் கேள்விக்குப் பதிலாக வரும்போதுதான் முன்கதைக்கு உயிர் வருகிறது.

உங்களுக்காக ஒரு கதாபாத்திரத்தை உருவாக்கிப் பார்ப்போம். பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் வார்டன். ஐம்பது வயது. ராத்திரி எத்தனை மணிக்கு யார் கதவைத் தட்டினாலும் திறப்பாள், ஆனால் லைட்டைப் போட மாட்டாள். இருட்டிலேயே நின்று பேசி, இருட்டிலேயே கதவைச் சாத்துவாள். இவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது.

இப்போது ‘ஏன்’ என்பதற்கு ஐந்து பதில் எழுதுங்கள். முகத்தில் தழும்பு இருக்கலாம், கண்ணில் கோளாறு இருக்கலாம், யாருக்கோ பயந்து ஒளிந்திருக்கலாம். இந்த மூன்றும் உங்களுக்கு முதலில் தோன்றியவை, அதனால் பார்ப்பவருக்கும் முதலில் தோன்றும். அடித்துவிடுங்கள். என் நோட்டில் ஐந்தாவதாக வந்த பதில் இது: இருபது வயதில், தங்கை வீட்டை விட்டு ஓடிப்போன ராத்திரி, சத்தம் கேட்டு எழுந்த இவள் அறையின் லைட்டைப் போட்டாள். பின் சுவரில் இறங்கிக்கொண்டிருந்த தங்கை அந்த வெளிச்சத்தில் தெரிந்துவிட்டாள். சித்தப்பாக்கள் பிடித்துவிட்டார்கள்.

இந்தப் பதிலில் மற்றவற்றில் இல்லாத ஒன்று இருக்கிறது: குற்ற உணர்ச்சி. பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்வதோடு, இவளுக்கு இன்று என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. ஓடிப்போக நினைக்கும் எந்தப் பெண்ணையும் இவள் காட்டிக்கொடுக்க மாட்டாள். ஹாஸ்டலில் ஒரு மாணவி காணாமல் போகும் மர்மக் கதையில் இதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டாம் படி: யாருக்கு என்ன தெரியும் என்று கட்டம் போடுங்கள்

ஒரு பெரிய தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே எபிசோடு எண்கள். பக்கவாட்டில் கதாபாத்திரங்கள், கடைசி வரிசையில் ‘பார்ப்பவர்’. ஒவ்வொரு ரகசியமும் எந்த எபிசோடில் யாருக்குத் தெரிய வருகிறது என்று குறித்துக்கொண்டே போங்கள். எழுத்தாளர் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தனக்குத் தெரிந்ததைக் கதாபாத்திரத்துக்கும் தெரியும் என்று மறந்துபோய் எழுதிவிடுவார்.

‘லாஸ்ட்’ தொடரில் சன், ஜின் என்ற கொரியத் தம்பதியைக் கவனியுங்கள். முதல் சில எபிசோடுகளில் இருவரும் கொரிய மொழி மட்டும் பேசுகிறார்கள். ஜின் முரடன், மனைவியை அடக்கி வைப்பவன் என்றே படுகிறது. 6-வது எபிசோடில் சன், மைக்கேல் என்ற சக பயணியிடம் மட்டும் ஆங்கிலத்தில் பேசுகிறாள். நமக்குத் தெரிந்துவிட்டது, மைக்கேலுக்குத் தெரிந்துவிட்டது, கட்டிய கணவனுக்குத் தெரியாது. அதே எபிசோடின் ஃப்ளாஷ்பேக்கில் ஜின் ஒரு ராத்திரி கையெல்லாம் ரத்தமாக வந்து குளியலறையில் கழுவுகிறான். சன் கேட்கிறாள், அவன் சொல்ல மறுக்கிறான். அவள் பார்வையில் அவன் அடியாள் ஆகிவிட்டான். விட்டுப் போக முடிவெடுக்கிறாள்.

17-வது எபிசோடில் அதே ராத்திரி ஜின் பக்கத்திலிருந்து வருகிறது. ஒரு அதிகாரியைக் கொல்லச் சொல்லி மாமனார் ஆள் அனுப்பியிருக்கிறார். அந்த ஆளுக்கு முன்னால் உள்ளே ஓடி, அதிகாரியை ஜின் தானே அடித்து நொறுக்குகிறான், உயிராவது மிஞ்சட்டும் என்று. கையில் இருந்தது அந்த ரத்தம். அதைக் கழுவிவிட்டுக் கண்ணாடி முன் நின்று அழுகிறான்.

புதிதாக ஒரு சம்பவமும் சேர்க்கவில்லை. நாம் ஏற்கெனவே பார்த்த காட்சியையே திருப்பி வைத்துவிட்டார்கள். 11 எபிசோடாக ஜின்னைப் பற்றி நாம் வைத்திருந்த தீர்ப்பு கரைந்துபோகிறது. கட்டம் போட்டு எழுதாமல் இதைச் செய்யவே முடியாது; சன்னுக்குத் தெரிந்தது, ஜின்னுக்குத் தெரிந்தது, நமக்குத் தெரிந்தது மூன்றும் வேறு வேறு என்பதில்தான் அந்த இரண்டு எபிசோடும் நிற்கின்றன.

மூன்றாம் படி: தடயத்தைக் கண் முன்னால் வையுங்கள்

தடயத்தை மறைத்து வைக்காதீர்கள். எல்லோரும் பார்க்கிற இடத்தில் வையுங்கள், ஆனால் வேறு ஒரு அர்த்தத்தோடு வையுங்கள்.

லாக் எபிசோடுக்கு முந்தைய எபிசோடில் வால்ட் என்ற சிறுவன் தன் அப்பாவிடம் சொல்கிறான்: லாக்குக்கு ஒரு அற்புதம் நடந்ததாம், அவரே சொன்னார். அப்பா சொல்கிறார்: விமானம் விழுந்து பிழைத்திருக்கிறோமே, நம் எல்லோருக்கும்தான் அற்புதம் நடந்திருக்கிறது. உண்மையை அப்படியே போட்டு உடைத்துவிட்டு, அடுத்த வரியிலேயே அதற்கு நியாயமான ஒரு தப்பர்த்தத்தையும் கொடுத்துவிட்டார்கள். பார்ப்பவர் இரண்டாவது வரியை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுவார். சக்கர நாற்காலியும் இடிபாடுகளுக்கு நடுவில் கிடக்கத்தான் செய்கிறது. யாருடையது என்று நாம் கேட்கவே இல்லை.

பொருளாக ஒரு தடயம் வேண்டுமென்றால் சாயரின் கடிதத்தைப் பாருங்கள். சாயர் தீவில் எல்லோரும் வெறுக்கும் ஏமாற்றுக்காரன். அடிக்கடி ஒரு பழைய கடிதத்தை எடுத்துப் படிக்கிறான். 8-வது எபிசோடில் அதை கேட் என்ற சக பயணியின் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்கிறான். ‘மிஸ்டர் சாயர், நீ என் அம்மாவை ஏமாற்றினாய், பணத்தைப் பறித்தாய், என் அப்பா அவளைச் சுட்டுவிட்டுத் தானும் செத்தார்’ என்ற பொருளில் ஒரு சிறுவன் எழுதியது. அடப்பாவி என்று அவனை வெறுக்கிறோம். கடைசியில் கேட் அந்த உறையைத் திரும்பப் பார்க்கிறாள். அமெரிக்காவின் 200-வது ஆண்டு விழா முத்திரை, அதாவது 1976. அப்போது இவனே சின்னப் பையனாக இருந்திருப்பான். கடிதம் இவனுக்கு வந்தது இல்லை, இவன் எழுதியது. தன் குடும்பத்தை அழித்தவனின் பெயரையே சூட்டிக்கொண்டு, அவனைப் போலவே ஆகிவிட்ட மனிதன்.

ஒரு தபால் முத்திரைதான் திறவுகோல். கடிதத்தைப் பலமுறை பார்த்தோம், உறையை ஒருமுறையும் படிக்கவில்லை.

நம் வார்டனுக்கு வருவோம். அவள் அறையில் பல்பு மாட்டும் இடம் காலி. மாணவிகள் அவளைக் கஞ்சம் என்று கிண்டல் செய்கிறார்கள். முதல் எபிசோடிலேயே வைத்துவிடலாம். கஞ்சத்தனம் என்பது நியாயமான தப்பர்த்தம், சந்தேகம் வராது.

தடயங்கள் எத்தனை வேண்டும் என்று கேட்பார்கள். மூன்று போதும் என்பது என் கணக்கு. ஒன்று பேச்சில், ஒன்று பொருளில், ஒன்று நடத்தையில். ஒரே காட்சியில் இரண்டைச் சேர்த்து வைக்காதீர்கள்.

நான்காம் படி: பார்ப்பவரின் பழக்கத்துக்குள் ஒளியுங்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த படி, கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும்.

3-வது சீசனின் இறுதிப் பகுதி 2007 மே 23 அன்று ஒளிபரப்பானது. அதில், பிழைத்தவர்களில் ஒருவரான டாக்டர் ஜாக் தாடியும் மீசையுமாக, மாத்திரைக்கு அடிமையாகி, லாஸ் ஏஞ்சலஸில் திரிகிறார். பாலத்திலிருந்து குதிக்கப் போகிறார். ஒரு செய்தித்தாள் துண்டை வைத்துக்கொண்டு அழுகிறார். யாருமே வராத இறுதிச் சடங்குக்குப் போகிறார். தீவுக் காட்சிகளுக்கு நடுவே இது ஓட, ஜாக்கின் பழைய வாழ்க்கையில் இன்னொரு மோசமான காலம் என்று நினைக்கிறோம். கடைசியில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கார் வந்து நிற்கிறது. இறங்குவது கேட். ஜாக் அவளைச் சந்தித்ததே தீவில்தான்! அப்படியானால் இவ்வளவு நேரம் பார்த்தது கடந்த காலம் இல்லை. தப்பித்து வந்ததற்குப் பிறகான எதிர்காலம். திரும்பிப் போக வேண்டும் என்று ஜாக் கெஞ்சுகிறார்.

தயாரிப்புக் குழு அந்தக் காட்சிக்கு ‘தபால் பெட்டியில் பாம்பு’ என்று சங்கேதப் பெயர் வைத்து ரகசியம் காத்தது. ஆனால் உண்மையான பாதுகாப்பு அந்தப் பெயரில் இல்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு வாரமும் காட்சி மாறும்போது கேட்கும் அந்த ‘ஹூஷ்’ சத்தம் வந்தால் கடந்த காலம் என்று நம்மைப் பழக்கியிருந்தார்கள். அந்தப் பழக்கத்துக்குள்தான் ரகசியம் ஒளிந்திருந்தது. தடயங்களும் நேர்மையாகவே இருந்தன. ஜாக் வைத்திருந்த செல்போன் மாடல் அவருடைய பழைய காலத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் புதுசு. விமான கம்பெனி கொடுத்த இலவச டிக்கெட்டில் பறந்துகொண்டே இருப்பதாகச் சொல்கிறார், எதற்காகக் கொடுத்தார்கள்? இறுதிச் சடங்கு நடந்த இடத்தின் பெயர்ப் பலகையில் இருந்த எழுத்துகளை மாற்றிப் போட்டால் ‘ஃப்ளாஷ் ஃபார்வர்ட்’ என்று வரும், அதாவது எதிர்காலத்துக்குத் தாவும் காட்சி.

நீங்கள் செய்ய வேண்டியது இது. உங்கள் தொடரில் திரும்பத் திரும்ப வரும் ஒரு முறையைக் கண்டுபிடியுங்கள். ஒருவர் குரலிலேயே கதை சொல்லப்படலாம். ஒவ்வொரு எபிசோடும் போலீஸ் விசாரணையில் தொடங்கலாம். சில எபிசோடுகள் அதை நேர்மையாகவே பயன்படுத்துங்கள், பார்ப்பவர் அதைக் கவனிப்பதையே நிறுத்தும் வரை. பிறகு ஒரே ஒரு முறை அதை மாற்றுங்கள். இரண்டாவது முறை அதே வித்தை பலிக்காது.

இதையே சின்ன அளவில் லாக் எபிசோடும் செய்கிறது. ஃப்ளாஷ்பேக் முழுக்க அவர் மேஜைக்குப் பின்னால், சாப்பாட்டு மேஜையில், படுக்கையில், அலுவலக நாற்காலி போலத் தோன்றுவதில்தான் இருக்கிறார். உட்கார்ந்து பேசும் காட்சி நமக்கு அவ்வளவு சகஜம், அவர் ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை என்பது கண்ணில் படுவதில்லை.

ஐந்தாம் படி: பொய்க்கு உடம்பு கொடுங்கள்

2-வது சீசனில் ஹென்றி கேல் என்று ஒருவன் பிடிபடுகிறான். மினசோட்டா ஊர்க்காரன், மனைவியோடு பலூனில் வந்து விழுந்தேன், அவள் இறந்துவிட்டாள், நானே புதைத்தேன் என்கிறான். தீவில் இருக்கும் எதிரிக் கூட்டத்து ஆள் என்று, பிழைத்தவர்களில் ஒருவனான சயீத் சந்தேகப்படுகிறான். வரைபடம் வாங்கிக்கொண்டு மூன்று பேர் தேடிப் போகிறார்கள். பலூன் இருக்கிறது! புதைகுழியும் இருக்கிறது. சாதாரண எழுத்தாளர் இங்கே பலூன் இல்லை என்று காட்டிப் பொய்யை உடைத்திருப்பார். இவர்கள் பொய்யை உறுதிப்படுத்திவிட்டு, சயீதை மண்ணைத் தோண்ட வைத்தார்கள். உள்ளே ஒரு ஆண் உடல். அதோடு ஓட்டுநர் உரிமம். ஹென்றி கேல், மினசோட்டா, ஒரு கறுப்பின மனிதர். பிடிபட்டிருப்பவன் வேறு யாரோ.

நல்ல பொய்யில் பத்தில் ஒன்பது பங்கு உண்மை இருக்கும். சரிபார்க்கப் போகும் ஆளுக்கு அந்த ஒன்பதும் கிடைக்கட்டும். இன்னும் ஒரு அடி தோண்டுபவனுக்கு மட்டும் பத்தாவது.

அந்தப் பாத்திரத்தில் நடித்த மைக்கேல் எமர்சனை முதலில் மூன்று எபிசோடுக்குத்தான் அழைத்திருந்தார்கள். அவர் நடிப்பைப் பார்த்துவிட்டு எதிரிகளின் தலைவன் பென் ஆக்கினார்கள். சன் பாத்திரமும் அப்படித்தான். கேட் வேடத்துக்காக நடித்துக் காட்ட வந்த யுஞ்ஜின் கிம்முக்காகவே அதை உருவாக்கினார்கள். கட்டம் போட்ட தாளைப் பென்சிலால் எழுதுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆறாம் படி: உடைக்கும் நொடியை எழுதுவது

யாரும் விளக்கக் கூடாது. ‘நான்தான் அன்றைக்கு…’ என்று தொடங்கும் நீண்ட வசனத்தை வெட்டுங்கள். ஒரு பொருளோ ஓர் அசைவோ உண்மையைச் சொல்லட்டும்: கால் விரல், தபால் முத்திரை, காரிலிருந்து இறங்கும் பெண். மூன்றிலும் பார்ப்பவர்தான் கணக்கைப் போட்டு விடைக்கு வருகிறார். அரை நொடி அவருக்கு விடுங்கள். அந்த அரை நொடியில் வசனம் போட்டால் அவருக்குச் சேர வேண்டியதைப் பறித்ததாக ஆகும்.

வார்டன் கதையில் நான் எழுதியது இப்படி. காணாமல் போன மாணவியைத் தேடி ராத்திரி ஹாஸ்டலுக்கு ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவன் வார்டன் அறைக்குள் புகுந்து, சுவிட்சைப் போடுகிறான். எரியவில்லை. கையில் இருந்த டார்ச்சை அடிக்கிறான். ஜன்னலுக்கு வெளியே மாணவி சுவரில் இறங்கிக்கொண்டிருக்கிறாள். வார்டன் நகர்ந்து ஜன்னலை உடம்பால் மறைத்து நிற்கிறாள், வெளிச்சம் முழுக்க அவள் முகத்தில். தங்கை கதையை நாம் இன்னும் சொல்லவே இல்லை. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் வெளிச்சத்தில் நிற்கத் தயாராகிவிட்டாள். தங்கையை அடுத்த எபிசோடில் ஒரே ஒரு பழைய போட்டோவில் காட்டினால் போதும்.

ஏழாம் படி: ஒரு விடை, ஒரு புதுக் கேள்வி

லாக்கின் கால் ஏன் செயலிழந்திருந்தது? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க 2007 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் முதல் சீசனிலேயே ஒரு படி: சிறு வயதில் கைவிட்ட அப்பா ஆன்டனி கூப்பர், பாசம் காட்டி ஏமாற்றி லாக்கின் சிறுநீரகத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறார். 3-வது சீசனில் அடுத்த படி: அதே அப்பா அவரை எட்டாவது மாடி ஜன்னலிலிருந்து தள்ளிவிடுகிறார். ஒவ்வொரு விடையும் முன்னதைவிட வலி அதிகம். லாக்காக நடித்த டெர்ரி ஓ’க்வின்னுக்கு அந்த ஆண்டு எம்மி விருது கிடைத்தது.

பிறகு கோர்த்தல். சாயரின் குடும்பத்தை அழித்த அந்த அசல் ‘சாயர்’ யார்? 3-வது சீசனின் 19-வது எபிசோடில், பழைய கப்பல் ஒன்றின் இருட்டறைக்குள் சாயர் ஒரு கைதியைப் பார்க்கிறான். லாக்கின் அப்பா. தன் பெயர்களைப் பெருமையாக அடுக்கும் கிழவன், அதில் சாயர் என்ற பெயரையும் சொல்கிறான். முதல் சீசனின் 8-வது எபிசோடில் பார்த்த அந்தக் கடிதத்தைச் சாயர் அவனிடம் நீட்டிப் படிக்கச் சொல்கிறான். அவன் கிழித்துப் போடுகிறான். சாயர் சங்கிலியால் அவன் கழுத்தை இறுக்குகிறான்.

இரண்டு முன்கதைகளை ஒரே ஆளில் சேர்ப்பது ஆபத்தான வேலை, தற்செயல் என்று சொல்லிவிடுவார்கள். இங்கே அது நிற்பதற்குக் காரணம், இருவரும் அதே காயத்தோடு முதலிலிருந்தே வாழ்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம். ஊர் பேரால் அல்லது உறவு முறையால் மட்டும் கோர்த்தால் நிற்காது, காயத்தால் கோர்த்துவிடுங்கள்.

எட்டாம் படி: எதைச் சொல்லாமல் விடுவது

எல்லாவற்றுக்கும் முன்கதை வேண்டியதில்லை. ‘லாஸ்ட்’ இதைக் கற்றது தன் சொந்தத் தவறில். 3-வது சீசனின் 9-வது எபிசோட், ஜாக்கின் கையில் உள்ள பச்சை குத்தல் தாய்லாந்தில் எப்படி வந்தது என்று முழு ஃப்ளாஷ்பேக்காகச் சொன்னது. யாரும் கேட்காத கேள்வி அது. தொடரை மிகவும் நேசித்தவர்களே அதை மோசமான எபிசோட் என்றார்கள். முடிவுத் தேதி தெரியாமல் ஓடினால் இப்படித்தான் ஆகும் என்று சேனலிடம் வாதாட அந்த எபிசோடே தயாரிப்பாளர்களுக்கு உதவியது. 2007 மே மாதம், இன்னும் 48 எபிசோடு, மூன்று சீசன், 2010-ல் முடிவு என்று அறிவித்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வெற்றித் தொடருக்கு மூன்று வருடம் முன்பே முடிவு குறிப்பது அப்போது அமெரிக்கத் தொலைக்காட்சியில் அரிது.

அதே சீசனில் நிக்கி, பாவ்லோ என்று இருவரைத் திடீரென்று கொண்டுவந்து, முதல் நாளிலிருந்தே இவர்களும் இருந்தார்கள் என்றார்கள். பார்ப்பவர்கள் ஏற்கவில்லை. ஒரே எபிசோடில் இருவரையும் உயிரோடு புதைத்துக் கணக்கை முடித்தார்கள். பின்னால் முக்கியமாகப்போகிற ஆளை முதல் எபிசோடிலேயே ஒரு மூலையில் நிறுத்தி வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அதிர்ச்சிக்கும் எல்லை உண்டு. முதல் திட்டப்படி ஜாக் தொடக்க எபிசோடிலேயே சாக வேண்டும், மைக்கேல் கீட்டன் நடிப்பதாகப் பேச்சு. நாயகன் என்று நம்பவைத்துக் கொன்றால் மக்கள் நம்மை நம்ப மாட்டார்கள் என்று சேனல் தரப்பு தடுத்தது. ஜாக் பிழைத்தார், விமானி செத்தார். சேனல்காரர்கள் சொல்வது எப்போதும் தவறு என்று நினைக்கும் எழுத்தாளர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

கடைசிப் படி: பின்னாலிருந்து முன்னால் படியுங்கள்

ஸ்க்ரிப்ட் முடிந்ததும் ஒரு வாரம் தொடாதீர்கள். அப்புறம் ரகசியம் உடையும் எபிசோடை முதலில் படித்துவிட்டு, முதல் எபிசோடுக்குத் திரும்புங்கள். இப்போது ஒவ்வொரு காட்சியிலும் இரண்டு கேள்வி. உண்மை தெரிந்த பிறகும் இந்த நடத்தை பொருந்துகிறதா? உண்மை தெரிந்ததால் இந்தக் காட்சி இன்னும் கனமாகிறதா? பொருந்தவில்லை என்றால் ஏமாற்றுகிறீர்கள், திருத்துங்கள். பொருந்துகிறது, ஆனால் கனம் கூடவில்லை என்றால் உங்கள் ரகசியம் வெறும் தகவல். முதல் படிக்குத் திரும்பிப் போய் ஆறாவது பதிலைத் தேடுங்கள்.

என் வார்டன் கதையில் இந்தச் சோதனையில் ஒரு காட்சி விழுந்தது. இரண்டாம் எபிசோடில் அவள் வராந்தாவில் குழல் விளக்குக்குக் கீழே உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். எழுதும்போது கண்ணில் படவே இல்லை. ராத்திரி வெளிச்சத்தை அஞ்சுபவள் அங்கே எப்படி உட்காருவாள்? காட்சியைப் பகலுக்கு மாற்றினேன். படிக்கட்டில், சாயங்கால வெயில் போவதற்குள் அவசரமாகக் கணக்கை முடிக்கிறாள். கூட இருக்கும் மாணவி, ‘உள்ளே போய் எழுதலாமே மேடம்’ என்கிறாள். அவள் பதில் சொல்லாமல் நோட்டை மூடுகிறாள்.

இதே சோதனையை ‘லாஸ்ட்’ முதல் எபிசோடுக்கு வைத்துப் பாருங்கள். மழை கொட்டுகிறது, எல்லோரும் ஓடுகிறார்கள். ஓட முடிகிற ஒருவர், வருடக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தவர், ஓடாமல் மணலில் காலை நீட்டி மழையில் நனைகிறார்.